தண்ணீர் குடிக்காத பையனும் பன்னிரண்டாம் உறுப்பும்

இங்கிலாந்தில் நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்பது வயது. ஆட்டிசம் உண்டு. காலையில் பள்ளிக்குள் நுழைந்ததிலிருந்து மாலை வீடு திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷின் இருக்கிறது. அது எந்த நேரத்தில் அலறும் என்று தெரியாது. மதியத்துக்கு மேல் அவனுக்குத் தலைவலி, எரிச்சல். ஒருநாள் வரிசையில் முன்னால் நின்றவனைப் பிடித்துத் தள்ளிவிட்டான். பள்ளியின் பதிவேட்டில் ஏறியது அந்தத் தள்ளல் மட்டும்தான்.

இப்போது அவனுடைய இ.எச்.சி. பிளானை எடுத்துப் பாருங்கள். கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து உள்ளூராட்சிக் கவுன்சில் தயாரிக்கும் சட்டபூர்வமான திட்டம் அது. 'ஏ' முதல் 'கே' வரை பகுதிகள். முதல் பகுதியான 'ஏ' குழந்தையின் கருத்துக்கும் விருப்பங்களுக்கும் கனவுகளுக்கும் ஒதுக்கப்பட்டது. அதில் மூன்று வரி இருக்கும்: "லெகோ பிடிக்கும். கணக்குப் பாடம் பிடிக்கும். நண்பர்கள் வேண்டும் என்று ஆசைப்படுகிறான்." யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதக்கூடிய மூன்று வரி. மெஷினும் இல்லை, தண்ணீரும் இல்லை, தலைவலியும் இல்லை.

குழந்தை உரிமைச் சட்டத்தைக் கல்வித் தீர்ப்பாயத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு, என்னைக் கேட்டால், பதில் இந்த மூன்று வரியில்தான் தொடங்குகிறது.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989 நவம்பர் 20-ல் ஏற்கப்பட்டது. இலங்கைத் தமிழில் சிறுவர் உரிமைகள் சமவாயம் என்பார்கள். பிரிட்டன் 1991 டிசம்பரில் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் 12ஆம் உறுப்பு சொல்வது இது: தனக்கென்று ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்ளக்கூடிய எந்தக் குழந்தைக்கும், தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் அந்தக் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும். அதே உறுப்பின் இரண்டாம் பத்தி இன்னும் நெருங்கி வருகிறது. நீதிமன்ற நடவடிக்கையானாலும் நிர்வாக நடவடிக்கையானாலும், நேரடியாகவோ ஒரு பிரதிநிதி வழியாகவோ குழந்தையின் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிறது. தீர்ப்பாயம் அதற்குள் அடங்கும்.

இதோடு 3ஆம் உறுப்பு (குழந்தையின் நலனுக்கு முதன்மையான இடம்), 23 (மாற்றுத்திறன் குழந்தைகள்), 28 (கல்வி உரிமை), 29 (கல்வியின் நோக்கம்) எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் மனம் நிறைந்துவிடும். பெற்றோர் பலர் அந்த நிறைவோடேயே மேல்முறையீட்டுப் படிவத்தில் "3, 12, 23, 28, 29 ஆகிய உறுப்புகள் மீறப்பட்டுள்ளன" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்த வரிக்குத் தீர்ப்பில் பதில் வருவது அபூர்வம். காரணம் அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டத்தின் அமைப்பே அப்படி.

கதவு எங்கே இருக்கிறது

இங்கிலாந்தில் இந்த வழக்குகளைக் கேட்பது முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சிறப்புக் கல்வித் தேவைப் பிரிவு. நம் ஆட்கள் 'டிரிபியூனல்' என்றே சொல்வார்கள். ஒரு நீதிபதியும், சிறப்புக் கல்வியில் அனுபவமுள்ள ஒருவரோ இருவரோ உட்கார்ந்து கேட்பார்கள். கட்டணம் இல்லை. இப்போது பெரும்பாலும் வீடியோவில் நடக்கிறது. கவுன்சில் மதிப்பீடு செய்ய மறுத்தாலோ, திட்டம் தர மறுத்தாலோ, தந்த திட்டத்தில் 'பி' பகுதி (தேவைகள்), 'எஃப்' பகுதி (கொடுக்க வேண்டிய உதவி), 'ஐ' பகுதி (பள்ளி) சரியில்லை என்றாலோ இங்கே வரலாம். 2023-24 கல்வியாண்டில் மட்டும் சுமார் 21,000 மேல்முறையீடுகள் பதிவாயின. அதற்கு முந்தைய ஆண்டு சுமார் 14,000. விசாரணைவரை போய்த் தீர்ப்பு வந்தவற்றில் 95 சதவீதத்துக்கும் மேல் குடும்பங்களுக்குச் சாதகமாகவே முடிந்தன. இத்தனை குடும்பங்கள் ஜெயிக்கிறார்கள் என்றால், கவுன்சில்கள் முதலிலேயே சரியாக முடிவெடுக்கவில்லை என்றுதான் பொருள். அந்த மாதங்களெல்லாம் குழந்தையின் வாழ்க்கையிலிருந்து கழிந்தவை.

இந்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருவது 2014ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம். ஐ.நா. உடன்படிக்கை அப்படி எந்த அதிகாரமும் தரவில்லை. பிரிட்டனில் ஒரு பன்னாட்டு உடன்படிக்கையில் அரசு கையெழுத்திட்டால் மட்டும் அது உள்நாட்டுச் சட்டமாகிவிடாது. நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டனிலுள்ள பிரிட்டன் நாடாளுமன்றம், இந்த உடன்படிக்கைக்கு அப்படி எதையும் செய்யவில்லை. இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற விதியை எதிர்த்த வழக்கில், 2021-ல், உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது: உள்நாட்டுச் சட்டமாகாத உடன்படிக்கையை அரசு மீறியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது உள்நாட்டு நீதிமன்றத்தின் வேலை இல்லை.

அப்படியானால் கதவே இல்லையா? இருக்கிறது, மூன்று. ஆனால் மூன்றும் உள்நாட்டுச் சட்டத்தின் சுவரில்தான் இருக்கின்றன.

முதலாவது, அதே 2014 சட்டத்தின் 19ஆம் பிரிவு. குழந்தையின் கருத்தையும் விருப்பத்தையும் உணர்வையும் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும். முடிவெடுப்பதில் இயன்றவரை முழுமையாகப் பங்கேற்க வழிசெய்ய வேண்டும். அதற்குத் தேவையான தகவலும் துணையும் தர வேண்டும். 12ஆம் உறுப்பைப் படித்துவிட்டு இதைப் படித்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். 2014ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் 7ஆவது விதி, மதிப்பீட்டின்போது குழந்தையைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. ஆகவே "12ஆம் உறுப்பு மீறப்பட்டது" என்று எழுதுவதற்குப் பதில், "19ஆம் பிரிவும் 7ஆம் விதியும் கேட்டதைக் கவுன்சில் செய்யவில்லை, அவை எதற்காக இருக்கின்றன என்பதை 12ஆம் உறுப்பு காட்டுகிறது" என்று எழுதினால் அதே வாதத்துக்குக் கால் முளைக்கும்.

இரண்டாவது கதவைப் பலர் கவனிப்பதில்லை. 2015 ஜனவரியில் வெளியான நடத்தை நெறித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. பிறப்பிலிருந்து 25 வயதுவரை சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கானது. அதன் முதல் அத்தியாயமே ஐ.நா. உடன்படிக்கையின் 12, 13ஆம் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 7, 24ஆம் உறுப்புகளையும் சொல்கிறது. 2014 சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி அந்த நெறித்தொகுப்பைக் கவுன்சிலும் பள்ளியும் கருத்தில் கொள்ள வேண்டும், தீர்ப்பாயமும்தான். அதாவது உடன்படிக்கை வாசல் வழியாக வர முடியாவிட்டாலும், நெறித்தொகுப்பு அதைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருகிறது. இதைச் சொல்லி வாதாடினால் எந்த நீதிபதியும் "இது என் அதிகாரத்துக்கு வெளியே" என்று தள்ள முடியாது.

மூன்றாவது, 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம். இது ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தை உள்நாட்டுச் சட்டமாக்கியது. தீர்ப்பாயமே ஒரு பொது அதிகார அமைப்பு என்பதால் அந்த உரிமைகளுக்கு முரணாக நடந்துகொள்ள முடியாது. ஆனால் இதில் எச்சரிக்கை வேண்டும். அந்த ஒப்பந்தத்தோடு இணைந்த முதல் நெறிமுறையின் 2ஆம் உறுப்பு யாருக்கும் கல்வி உரிமை மறுக்கப்படக் கூடாது என்கிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். எசெக்ஸ் கவுன்சிலுக்கு எதிராக 2010-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கைப் படித்தவர்களுக்கு அந்த நம்பிக்கை குறைந்துவிடும். கடுமையான ஆட்டிசமும் வலிப்பும் உள்ள ஒரு பையன், பள்ளி வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னதால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரை ஒன்றரை ஆண்டு வீட்டிலேயே இருந்தான். அது அவனுடைய கல்வி உரிமையை மறுத்ததாகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். வளங்களைக் கணக்கில் எடுக்காமல் குறைந்தபட்சக் கல்விக்கு முழுமையான உரிமை இல்லை என்றார்கள். படிக்கும்போது வயிற்றைப் பிசையும் தீர்ப்பு.

ஆகவே இந்த உறுப்பு தனியாக நின்றால் வலுவில்லை. அதே ஐரோப்பிய ஒப்பந்தத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் 14ஆம் உறுப்போடு சேரும்போதுதான் அதற்குப் பல் முளைக்கிறது. அதை நிரூபித்தது ஒரு பதினோரு வயதுப் பையனின் வழக்கு.

ஒன்றரை நாள் இடைநீக்கம்

அந்தப் பையனைத் தீர்ப்பில் 'எல்' என்ற எழுத்தால் குறிப்பிடுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவன். உதவி ஆசிரியர் ஒருவரை ஸ்கேலால் அடித்து, குத்தி, முடியைப் பிடித்து இழுத்ததற்காக ஒன்றரை நாள் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டான். பெற்றோர் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் மாற்றுத்திறன் பாகுபாடு என்று வழக்குப் போட்டார்கள்.

தடையாக நின்றது சின்ன ஒழுங்குவிதி ஒன்று. எவையெல்லாம் மாற்றுத்திறனாகக் கருதப்பட மாட்டா என்று அந்த விதி ஒரு பட்டியல் போடுகிறது: தீ வைக்கும் போக்கு, திருடும் போக்கு, பிறரை உடல்ரீதியாகத் துன்புறுத்தும் போக்கு... அந்த மூன்றாவது சொற்றொடரில் ஆட்டிசக் குழந்தைகள் கூண்டோடு மாட்டிக்கொண்டார்கள். குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது அடிப்பதாக வெளிப்பட்ட கணத்தில், சட்டத்தின் கண்ணில் அவன் மாற்றுத்திறனாளி இல்லை. பள்ளி அவனுக்காக ஏதாவது மாற்றம் செய்து பார்த்ததா, வேறு வழி இருந்ததா என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை. முதல்நிலைத் தீர்ப்பாயமும் அப்படித்தான் முடிவெடுத்தது.

2018 ஆகஸ்டில் மேல் தீர்ப்பாயத்தின் நீதிபதி ரோலி இதை மாற்றினார். கல்வி பெறும் குழந்தைகளைப் பொறுத்தவரை அந்த விதி, 14ஆம் உறுப்பையும் முதல் நெறிமுறையின் 2ஆம் உறுப்பையும் சேர்த்துப் பார்த்தால், பாகுபாடு என்றார். தங்கள் தவறே இல்லாமல் ஒரு நிலையோடு பிறந்த குழந்தைகளின் நடத்தையைக் குற்றச்செயலோடும் சமூக விரோதச் செயலோடும் சேர்த்துப் பார்ப்பதை அவர் கடுமையாகவே கண்டித்தார்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பாயத்தால் நாடாளுமன்றத்தின் சட்டத்தைத் தொட முடியாது. மனித உரிமைக்கு முரணானது என்று அறிவிக்கும் அதிகாரம்கூட உயர் நீதிமன்றங்களுக்குத்தான். ஆனால் இது சட்டம் இல்லை, சட்டத்தின் கீழ் அமைச்சர் போட்ட ஒழுங்குவிதி. அதை ஒதுக்கிவைத்துவிட்டுத் தீர்ப்பாயம் முடிவெடுக்கலாம்; எடுக்கவும் வேண்டும். 2019-ல் உச்ச நீதிமன்றமும் வேறொரு வழக்கில் இதை உறுதிசெய்தது. எனவே உங்கள் வழியை மறிப்பது சட்டமா, ஒழுங்குவிதியா, கவுன்சிலின் உள்கொள்கையா என்று முதலில் பாருங்கள். பல நேரம் "எங்கள் பாலிசி அப்படி" என்பதற்குப் பின்னால் எந்தச் சட்டமும் இருக்காது.

இந்தத் தீர்ப்பால் பள்ளிகள் இனி யாரையும் இடைநீக்கமே செய்ய முடியாது என்று ஆகிவிடவில்லை. மற்ற குழந்தைகளின், ஆசிரியர்களின் பாதுகாப்பு நியாயமான நோக்கம்தான். அந்த நோக்கத்துக்கு இந்த நடவடிக்கை அளவானதா, அதற்கு முன் நியாயமான மாற்றங்களைச் செய்து பார்த்தார்களா என்று பள்ளி இப்போது பதில் சொல்ல வேண்டும். நம் நான்காம் வகுப்புப் பையனின் தள்ளலும் இந்தக் கேள்விக்குள் வந்துவிடுகிறது. மெஷின் இல்லாத கழிப்பறையைக் காட்டியிருந்தால் அந்தத் தள்ளல் நடந்திருக்குமா?

ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்தும் உதவி வருகிறது. 2020 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலிக்கு எதிரான ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆரம்பப் பள்ளியில் படித்த ஆட்டிசச் சிறுமிக்கு, சட்டப்படி கிடைக்க வேண்டிய சிறப்பு உதவி இரண்டு ஆண்டுகள் கிடைக்கவில்லை. பணம் இல்லை என்றது அரசு. பணம் குறைந்தால் அதன் சுமை எல்லா மாணவர்கள் மேலும் சமமாக விழ வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகள் தலையில் மட்டும் இறக்கக் கூடாது என்றது நீதிமன்றம். பிரிட்டன் தீர்ப்பாயங்கள் இந்தத் தீர்ப்புகளைக் கணக்கில் எடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டவை. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் ஐ.நா. உடன்படிக்கைகளைத் தாராளமாக எடுத்தாள்கிறது. சுற்றுவழிதான், ஆனால் வழி.

நலன் என்ற சொல்லின் எடை

3ஆம் உறுப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 'குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல்' என்று அது சொல்வதாக நினைக்கிறார்கள். அது கேட்பது, நலன் 'ஒரு' முதன்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்பது. ஆங்கிலச் சட்டமோ அந்த அளவுக்கும் வருவதில்லை. குழந்தைக்கு மிகச் சிறந்த கல்வியைத் தரும் கடமை கவுன்சிலுக்கு இல்லை என்று 1980-களிலிருந்தே நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. பெற்றோர் கேட்கும் பள்ளி வளங்களைத் திறமையாகப் பயன்படுத்துவதோடு பொருந்தாவிட்டால் மறுக்கலாம் என்று 2014 சட்டமும் சொல்கிறது.

ஆனால் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2013-ல் வெளியிட்ட 14ஆம் பொதுக் கருத்துரையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. நலன் என்பது ஓர் உரிமை, சட்டத்தைப் பொருள்கொள்ளும் கொள்கை, அத்தோடு நடைமுறை விதியும்கூட என்கிறது. தீர்ப்பாயத்தில் எனக்கு மூன்றாவதுதான் உருப்படியாகத் தெரிகிறது. முடிவெடுத்தவர் இந்தக் குழந்தைக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தாரா? எண்ணினார் என்றால் எங்கே எழுதியிருக்கிறார்? எதோடு எதை எடைபோட்டார்? கவுன்சிலின் மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். டாக்சிச் செலவுக்குப் பத்து வரியும், குழந்தை தினமும் ஒன்றரை மணி நேரம் அழுதுகொண்டே பயணிப்பதற்கு ஒரு வரிகூட இல்லாமலும் இருக்கிற கடிதம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லைக்கு அப்பால்

வேல்ஸில் நிலைமை வேறு. அங்கே 2018ஆம் ஆண்டின் கூடுதல் கற்றல் தேவைகள் மற்றும் கல்வித் தீர்ப்பாயச் சட்டம், உள்ளூராட்சிகளும் தேசிய சுகாதாரச் சேவை அமைப்புகளும் ஐ.நா. குழந்தைகள் உடன்படிக்கைக்கும் மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கைக்கும் உரிய கவனம் செலுத்த வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. குழந்தையே தன் பெயரில் மேல்முறையீடு செய்யலாம். புரிந்துகொள்ளும் திறன் போதாத குழந்தைக்கு அதன் சார்பில் வழக்கை நடத்த ஒரு வழக்கு நண்பரை நியமிக்கலாம். இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி வயதைத் தாண்டினால்தான், அதாவது ஏறக்குறைய 16 வயதில்தான், சொந்தமாக மேல்முறையீடு செய்ய முடியும். அதுவரை உரிமை பெற்றோருடையது. வழக்கு முழுக்கக் குழந்தையைப் பற்றியது, ஆனால் குழந்தை ஒரு தரப்பு இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஸ்காட்லாந்து இன்னும் தூரம் போயிருக்கிறது. 2018 ஜனவரியிலிருந்து 12 முதல் 15 வயது வரை உள்ளவர்கள், திறனும் நலனும் உறுதிசெய்யப்பட்டால், தாங்களே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கிளாஸ்கோவில் இந்த வழக்குகளுக்கென்றே ஓசையும் வெளிச்சமும் உறுத்தாத விசாரணை அறைகள் இருக்கின்றன. அவற்றை வடிவமைக்கும்போது குழந்தைகளிடமே கேட்டார்கள். பிறகு வந்தது பெரிய மாற்றம். ஐ.நா. உடன்படிக்கையை அப்படியே உள்நாட்டுச் சட்டமாக்கும் மசோதாவை 2021 மார்ச்சில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. அதன் சில பிரிவுகள் அதிகார வரம்பை மீறுவதாக உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது. திருத்தி, 2023 டிசம்பரில் மறுபடி நிறைவேற்றி, 2024 ஜூலை 16 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே பொது அமைப்பு ஒன்று உடன்படிக்கைக்கு முரணாக நடந்தால் அதுவே சட்டவிரோதம். வழக்குப் போட ஓராண்டுக் கெடு உண்டு. ஆனால் 18 வயதுக்குட்பட்ட காலத்தை அந்தக் கெடுவில் கணக்கிடுவதில்லை.

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் இருக்கிறது. 2021 தீர்ப்புக்குப் பின் செய்த திருத்தத்தால், இந்தக் கடமை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின் கீழ் செய்யும் பணிகளுக்கே பெரும்பாலும் பொருந்தும். வெஸ்ட்மின்ஸ்டர் இயற்றிய சட்டத்தின் கீழ் செய்தால் பொருந்தாது; கல்வி ஸ்காட்லாந்தின் பொறுப்பில் உள்ள துறையாக இருந்தாலும் அப்படித்தான். கற்றலுக்கான கூடுதல் ஆதரவுச் சட்டம் 2004-ல் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டது; எனவே அதன்கீழ் ஒருங்கிணைந்த ஆதரவுத் திட்டம் கேட்டு வழக்குப் போட்டால் 12ஆம் உறுப்பையும் 3ஆம் உறுப்பையும் நேரடியாகவே வைத்து வாதாடலாம். அதே குழந்தை, அதே பள்ளி, அதே தீர்ப்பாய அறை. ஆனால் வழக்கு 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படியான பாகுபாடு பற்றியது என்றால் அந்தச் சட்டம் லண்டனில் இயற்றியது. அப்போது உடன்படிக்கை பின்வரிசைக்குப் போய்விடும். சமத்துவச் சட்டத்தையும் ஐரோப்பிய ஒப்பந்தத்தையும் முன்னால் வைக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டமும் லண்டனில் இயற்றியதுதான். ஒரு குழந்தையின் உரிமை எந்தக் கட்டடத்தில் சட்டம் அச்சானது என்பதைப் பொறுத்து மாறுவது நியாயமில்லை. ஆனால் மனு எழுதுகிறவர் அந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் எழுதக் கூடாது.

மறுபடி அந்தப் பையனிடம்

சரி, இதையெல்லாம் அவனுடைய வழக்கில் எப்படி இறக்குவது?

முதலில் அவனிடம் கேட்க வேண்டும். "பள்ளி பிடிக்குமா?" என்று கேட்டால் "ம்" என்பான். பள்ளியின் வரைபடத்தை மேசையில் விரித்து, எந்த இடம் பச்சை, எந்த இடம் சிவப்பு என்று வண்ணம் தீட்டச் சொன்னால் கழிப்பறைமேல் சிவப்பை அழுத்தித் தேய்ப்பான். பேசாத குழந்தைக்கும் கருத்து உண்டு. விளையாட்டு, உடல்மொழி, முகபாவம், ஓவியம் இவற்றின் வழியாகவும் குழந்தை கருத்துச் சொல்கிறது என்று ஐ.நா. குழுவின் 2009ஆம் ஆண்டுப் பொதுக் கருத்துரை தெளிவாகச் சொல்கிறது. "அவன் சின்னவன், அவனிடம் என்ன கேட்பது" என்பதற்கு அது நேரான மறுப்பு. கேட்டவர் யார், தேதி என்ன, கேட்ட கேள்வி என்ன, அவன் சொன்னதோ செய்ததோ என்ன என்று நான்கையும் குறித்து வையுங்கள். பெற்றோர் மட்டும் கேட்காமல், அவன் நம்பும் ஓர் ஆசிரியரோ பேச்சுப் பயிற்சியாளரோ கேட்டால் சான்றின் எடை கூடும்.

அவன் வீட்டில் தமிழ் பேசுபவன் என்று வையுங்கள். "காது கிழியுது" என்பான். அதை "அவனுக்கு ஒலி உணர்திறன் உள்ளது" என்று மாற்றிவிடாதீர்கள். "காது கிழியுது" என்பதையே 'ஏ' பகுதியில் போட்டு, கீழே மொழிபெயர்ப்பைத் தாருங்கள். அவன் சொன்னது அதுதான். தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. "வீட்டில் வேறு மொழி, அதனால்தான் தாமதம், போகப்போகச் சரியாகிவிடும்" என்று பள்ளி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும். வீட்டு மொழி வேறு என்பதாலேயே ஒரு குழந்தைக்குக் கற்றல் சிரமம் இருப்பதாகக் கருதக் கூடாது என்று 2014 சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்வது உண்மை. வீட்டு மொழியைக் காரணம் காட்டி உண்மையான சிரமத்தைப் பார்க்காமல் விடலாம் என்று அது சொல்லவில்லை. இரண்டு மொழியிலும் மதிப்பீடு கேளுங்கள். தீர்ப்பாயத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மேல்முறையீட்டுப் படிவத்திலேயே கேட்கலாம். அதற்குக் காசு இல்லை.

அடுத்தது, 'ஏ' பகுதியில் வந்தது 'பி'க்கும் 'எஃப்'க்கும் இறங்கி வர வேண்டும். பல திட்டங்களில் இந்த இடத்தில்தான் நூல் அறுந்துபோகிறது. 'எஃப்' பகுதியில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: "தேவைப்படும்போது புலனுணர்வு இடைவேளைகளுக்கான வாய்ப்புகளால் அவன் பயனடைவான்." யார் தருவார்? எத்தனை முறை? தேவைப்படுகிறது என்று யார் தீர்மானிப்பது? இந்த வாக்கியத்தை வைத்து யாரையும் எதையும் செய்ய வைக்க முடியாது. குழந்தைக்கு என்ன தரத் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லாத அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்று 1990-களிலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இரு தரப்பும் திருத்தம் குறிக்கும் வொர்க்கிங் டாக்குமென்ட்டில் இப்படிக் கேளுங்கள்: காலை இடைவேளை, மதிய உணவு, பிற்பகல் என மூன்று வேளை, பெயர் குறித்த உதவியாளர் ஒருவர் அவனைக் கை உலர்த்தும் மெஷின் இல்லாத கழிப்பறைக்கு அழைத்துச் செல்வார், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பருவத்துக்கு ஒருமுறை 60 நிமிடம் பள்ளிக்கு வந்து பார்த்து, அவனிடமும் கேட்டு, ஊழியர்களுக்குப் பயிற்சி தருவார். 'எஃப்' பகுதியில் ஏறியதை நிறைவேற்றுவது 42ஆம் பிரிவின்படி கவுன்சிலின் கடமை. உரிமை கடைசியில் போய் உட்காரும் இடம் இந்த மாதிரி வாக்கியம்தான். அதனால்தான் இதில் இத்தனை பிடிவாதம் வேண்டும் என்கிறேன்.

இங்கிலாந்தில் மேல்முறையீட்டுக்கான கெடுவையும் தவறவிடாதீர்கள்: கவுன்சிலின் கடிதத் தேதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது சமரச ஆலோசனைச் சான்றிதழ் கிடைத்து ஒரு மாதம், எது பிந்தியதோ அது.

கடைசியாக, பேசச் சங்கடமான ஒன்று. குழந்தையின் கருத்தும் பெற்றோரின் வழக்கும் ஒத்துப்போகாவிட்டால்? அம்மாவும் அப்பாவும் அலைந்து திரிந்து ஒரு சிறப்புப் பள்ளியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சின்ன வகுப்பு, அமைதியான கட்டடம், பயிற்சி பெற்ற ஆட்கள். பையனோ இந்தப் பள்ளியை விட்டுப் போக மாட்டேன் என்கிறான். மதிய இடைவேளையில் அவனோடு நடக்கிற ஒரே நண்பன் இங்கே இருக்கிறான். இந்தக் கருத்தை ஆவணக் கட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்காதீர்கள். 12ஆம் உறுப்பு நமக்குச் சாதகமான கருத்துக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. அவன் சொன்னதை அப்படியே வைத்து, ஏன் நீங்கள் வேறாக நினைக்கிறீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். புதிய பள்ளியை அவன் நேரில் பார்த்தானா, என்ன சொன்னான், அந்த நண்பனோடு தொடர்பு நீடிக்க என்ன ஏற்பாடு என்பதையும் எழுதுங்கள். விசாரணை அன்று நீதிபதி முதலில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்: "அவனிடம் சொன்னீர்களா? அவன் என்ன சொன்னான்?"